பெரியப்பாவுக்கு எதிர்ப்பு சக்திப் பொடி வேண்டாம்

(டிஸ்கி: நான் மருத்துவர் இல்லை. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் ரத்த ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கீழே இருப்பது என் கருத்து. சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளவும்.)

நம் ஆட்கள் இருக்கிற எந்தக் குடும்ப வாட்ஸப் குழுவை எடுத்தாலும் வாரம் ஒரு முறையாவது வந்து விழும் சொல் 'எதிர்ப்பு சக்தி'. கொரோனா காலத்தில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. யாருக்கு என்ன நோய் என்றாலும் "எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு, அதைக் கூட்டினா சரியாயிடும்" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் பொடியின் படத்தைப் போடுவார். வெளிநாட்டில் இருக்கிற நாம் உடனே பணம் அனுப்புவோம். அப்பா அம்மா பக்கத்தில் இருந்து செய்ய முடியாததைப் பணத்தால் செய்துவிட்ட திருப்தி.

எதிர்ப்பு சக்தியை நாம் எல்லோரும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைக்கிறோம். குறைந்தால் நோய், மோட்டார் போட்டு நிரப்பினால் ஆரோக்கியம். சளி, இருமலுக்கு இப்படி நினைத்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒரு நோயில் இந்த நினைப்பு நேராக ஆபத்தில் கொண்டு போய் விடும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நோயின் பெயர் மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். சுருக்கமாக எம்டிஎஸ். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 'சிண்ட்ரோம்' என்பதை எடுத்துவிட்டு 'நியோபிளாசம்' என்று மாற்றினார்கள். அதாவது இது புற்றுநோய்க் குடும்பம்தான் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல் ஒன்று கெட்டுப்போய்ப் பெருகும். அது உண்டாக்கும் அணுக்கள் ஒழுங்காக வளராமல் மஜ்ஜையிலேயே செத்துப்போகும். உள்ளே உற்பத்தி பலமாக நடக்கும், வெளியே ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போகும். சிவப்பணு குறைந்தால் சோகை. பிளேட்லெட் குறைந்தால் ரத்தக் கசிவு. நியூட்ரோஃபில் குறைந்தால் கிருமித் தொற்று. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது கடும் ரத்தப் புற்றுநோயாக மாறும்.

விஞ்ஞானி கார்ல் சேகன் 1996இல் இறந்தது இந்த நோயோடு போராடித்தான். எழுத்தாளர் சூசன் சொண்டாக் 2004இல் போனதும் இதில்தான். மேற்கு நாடுகளில் பெரும்பாலும் எழுபது வயதை ஒட்டி வரும். இந்திய மருத்துவமனைகள் வெளியிட்ட ஆய்வுகளில் நோயாளிகளின் வயது அதைவிடக் குறைவாகவே இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் வந்தது. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து மிளகு, சுக்கு வியாபாரத்துக்காகக் கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போன குடும்பம் எங்களுடையது. பெரியப்பா இன்னும் கொச்சங்காடியில்தான் இருக்கிறார். ஊர்ப் பெயரிலேயே அங்காடி. இரண்டு தெரு நடந்தால் சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று எல்லாம் கிடைக்கும் இடம். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் களைப்பு என்று சொன்னால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு வருடம் இரும்புச் சத்து டானிக், அப்புறம் லேகியம், அப்புறம் பொடி. கடைசியில் தோப்பும்படிப் பாலம் தாண்டி எறணாகுளம் போய் மஜ்ஜைப் பரிசோதனை செய்தபோதுதான் எம்டிஎஸ் என்று தெரிந்தது.

பெரியம்மா அன்று ராத்திரி போனில் கேட்டது இது: "ஏம்ப்பா, ரிப்போர்ட்ல லிம்போசைட் ஐம்பத்தி ரெண்டு சதவீதம்னு கூடப் போட்டிருக்கே. லிம்போசைட்தானே எதிர்ப்பு சக்தி? அப்போ நல்லதுதானே?"

நல்ல கேள்வி. நிறைய வீடுகளில் இதே குழப்பம் இருப்பதால் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பெரியப்பாவின் மொத்த வெள்ளையணுக்கள் 2,400. அதில் 52 சதவீதம் என்றால் சுமார் 1,250 லிம்போசைட். இது சாதாரண அளவுதான், கூடவில்லை. நியூட்ரோஃபில் 38 சதவீதம், அதாவது சுமார் 900. இதுதான் குறைவு. ஒன்று சரிந்ததால் மற்றதன் சதவீதம் ஏறியது போலத் தெரிகிறது. பத்துப் பேர் இருந்த வீட்டில் ஐந்து பேர் வெளியூர் போனால் மிச்சமிருப்பவர்களின் சதவீதம் ஏறத்தான் செய்யும். ஆகவே ரிப்போர்ட்டில் சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஆனால் எண்ணிக்கையும் பாதிக் கதைதான். லிம்போசைட் என்று ஒரே பெயரில் எண்ணப்படுகிறவர்கள் ஒரே வேலை செய்கிறவர்கள் இல்லை. பி செல்கள் நோய் எதிர்ப்புப் புரதங்களைத் தயாரிக்கும். டி செல்களில் ஒரு பிரிவு கெட்ட செல்களைக் கொல்லும். என்கே செல்கள் என்று இன்னொரு கொலையாளி வகை உண்டு. இவர்களோடு, 'போதும் நிறுத்து' என்று சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ரெகுலேட்டரி டி செல்கள், சுருக்கமாக டிரெக். 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்கர்கள் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் கிடைத்தது இதற்காகத்தான். டிரெக் இல்லாவிட்டால் நம் படையே நம் உடம்பைத் தின்றுவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொல்கிறவனும் ஒன்றுதான், அடக்குகிறவனும் ஒன்றுதான். ஃப்ளோ சைட்டோமெட்ரி போன்ற சோதனையில்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

லிம்போசைட் அல்லாத அடக்குமுறைக்காரர்களும் உண்டு. மஜ்ஜையின் மைலாய்ட் வரிசையில் பிறந்து, முதிர்ச்சி அடையாமல், டி செல்களை வேலை செய்ய விடாமல் தடுக்கும் செல்கள். மைலாய்ட் வழி அடக்கு செல்கள் என்று சொல்லலாம். இந்தப் பெயரை 2007இல்தான் ஆராய்ச்சியாளர்கள் பொதுவாக வைத்துக்கொண்டார்கள்.

சரி, எம்டிஎஸ்ஸில் இவர்கள் என்ன செய்கிறார்கள்?

2007இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு ஒன்று எம்டிஎஸ் நோயாளிகளின் ரத்தத்தில் டிரெக் செல்களை எண்ணிப் பார்த்தது. ஆபத்து குறைந்த நிலையில் இருந்தவர்களுக்கு டிரெக் குறைவு. ஆபத்து அதிகமான நிலையில் இருந்தவர்களுக்கு டிரெக் அதிகம். அதாவது ஆரம்பத்தில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. கொலையாளி டி செல்கள் மஜ்ஜையையே தாக்குகின்றன, கெட்ட செல்லோடு நல்ல செல்லும் அடிபடுகிறது. எம்டிஎஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மூட்டு, தோல், ரத்தக்குழாய் என்று தன்னுடல் தாக்கும் நோய்களும் சேர்ந்து வருவது இந்தக் கோளாறோடு தொடர்புடையது என்றே நினைக்கிறார்கள். நோய் முற்றும்போது நிலைமை தலைகீழ். பிரேக் இறுகிவிடுகிறது. கெட்ட செல்களைக் கொல்ல வேண்டியவர்கள் கை கட்டி நிற்கிறார்கள்.

2013இல் அமெரிக்காவின் டாம்பா நகரில் உள்ள மொஃபிட் புற்றுநோய் மையத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. எம்டிஎஸ் நோயாளிகளின் மஜ்ஜையில் மைலாய்ட் வழி அடக்கு செல்கள் எக்கச்சக்கமாகப் பெருகியிருந்தன. இவற்றில் கெட்டுப்போன மூலச் செல்லின் மரபணு அடையாளங்கள் இல்லை. அதாவது இவை புற்றுச் செல்லின் வாரிசுகள் இல்லை, அழற்சியால் இழுத்துவரப்பட்ட வெளியாட்கள். எஸ்100ஏ9 என்ற அழற்சிப் புரதம் இவற்றின் மேல் இருக்கும் சிடி33 என்ற கொக்கியில் மாட்டி இவற்றைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்டவை டி செல்களை அடக்குவதோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கும் ரத்த மூலச் செல்களையும் சேதப்படுத்துகின்றன. அந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும்படி செய்த எலிகளுக்கு எம்டிஎஸ் போன்ற நோயே வந்தது.

இதைப் படித்தால் தொட்டிக் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரியும். ஒரே மஜ்ஜையில் ஒரு பக்கம் அளவுக்கு மீறிய அழற்சி, இன்னொரு பக்கம் அளவுக்கு மீறிய அடக்குமுறை. இதில் எதைக் 'கூட்ட' போகிறோம்? கொலையாளியையா, பிரேக்கையா, அழற்சியையா? பொடி டப்பாவில் அது எழுதியிருக்காது.

சிகிச்சைகளின் வரலாறும் இதையே சொல்கிறது. ஆபத்து குறைந்த எம்டிஎஸ் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துதான் கொடுக்கிறார்கள்! குதிரை அல்லது முயலிடமிருந்து எடுக்கும் ஏடிஜி என்ற மருந்து டி செல்களை ஒழித்துக்கட்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இதைப் பெற்ற 61 பேரில் 21 பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போனது என்று 2002இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் பொருந்துகிறவரிடம் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டு' என்று சொல்வது எவ்வளவு எதிர்மாறான அறிவுரை என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கம், முற்றிய நிலையில் பிரேக்கைத் தளர்த்தும் முயற்சிகளும் நடந்தன. பெரிய பெரிய கம்பெனிகள், கோடிக்கணக்கில் செலவு. புற்றுச் செல் 'என்னைத் தின்னாதே' என்று காட்டும் சிடி47 பலகையை மறைக்கும் மக்ரோலிமாப் மருந்தின் பெரிய சோதனை, பயனில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. டிம்-3 என்ற பிரேக்கைக் குறிவைத்த சபாடோலிமாபும் கடைசிக் கட்டச் சோதனையில் ஆயுளைக் கூட்டவில்லை. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைக் குறிபார்த்து அடித்தவர்களுக்கே முடியாததை, எதைக் குறிபார்க்கிறது என்றே தெரியாத ஒரு பொடி செய்துவிடும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

"என்ன, நம்ம வைத்தியத்தைக் குறை சொல்றியா?" என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். இல்லை. வீட்டு ரசத்தில் மிளகும் சோற்றில் மஞ்சளும் யாரையும் ஒன்றும் செய்யாது. மருந்து அளவில் தினமும் எடுக்கும் பொடி, மாத்திரை, கஷாயம் பற்றித்தான் பேச்சு. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றி இந்தியாவின் 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த பாதிப்பு, எதிர்ப்பு மண்டலமே ஈரலைத் தாக்கும் வகையைப் போல் இருந்தது. சீந்திலையும் ஈரல் பாதிப்பையும் முடிச்சுப் போடுவது சரியில்லை என்று ஆயுஷ் அமைச்சகம் 2021இலேயே மறுத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் நிலை எளிது. சந்தேகம் இருக்கிற பொருளை, ஏற்கெனவே தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் மஜ்ஜை உள்ள ஒருவருக்குக் கொடுக்க வேண்டாம். பிளேட்லெட் 70,000 இருக்கும் மனிதருக்கு ஈரலும் கெட்டால் ரத்தம் உறைவது இன்னும் மோசமாகும். எம்டிஎஸ் மருந்துகளும் தடைப்படும். கஷாயம் எடுப்பதாக இருந்தால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது, பாசத்தால் வரும் ஆபத்து. அப்பாவுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு "என் ரத்தத்தை எடுத்துக்கோங்க" என்பான். சினிமாவில் கைதட்டல் விழும் காட்சி. நிஜத்தில், நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது. மகனின் லிம்போசைட்கள் அப்பாவின் திசு அடையாளத்தோடு பாதி ஒத்துப்போகும். அப்பாவின் உடம்பு சில சமயம் அவற்றை அந்நியன் என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உள்ளே தங்கிய அந்த லிம்போசைட்கள் அப்பாவின் தோல், குடல், ஈரல், மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கும். அரிதுதான். ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. கதிர்வீச்சு கொடுத்து லிம்போசைட்களைச் செயலிழக்க வைத்த பிறகே அப்படிப்பட்ட ரத்தத்தை ஏற்ற வேண்டும். தவிர, பின்னால் அதே சொந்தத்திடமிருந்து மஜ்ஜை மாற்று செய்ய நேர்ந்தால் முன்பே ஏற்றிய ரத்தம் அதற்கும் இடைஞ்சல். மகன் ரத்தம் கொடுக்கட்டும், ரத்த வங்கிக்கு. அது வேறு யாருக்காவது போகட்டும், அப்பாவுக்கு வேறு யாருடையதாவது வரட்டும்.

இதே லிம்போசைட்டின் நல்ல முகமும் உண்டு. எம்டிஎஸ்ஸை அடியோடு தீர்க்கும் வாய்ப்புள்ள சிகிச்சை இன்றுவரை ஒன்றுதான். வேறொருவரின் ரத்த மூலச் செல்லை மாற்றி வைப்பது. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் நடக்கிறது. அங்கே கொடையாளியின் லிம்போசைட்தான் மிச்சமிருக்கும் கெட்ட செல்லைத் தேடிக் கொல்கிறது. அளவு மீறினால் நோயாளியையே தாக்குகிறது. மருத்துவர்கள் இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடக்கிறார்கள். வயதும் உடல்நிலையும் இடம் கொடுப்பவர்களுக்கே இது சாத்தியம். எழுபத்தொரு வயது பெரியப்பாவுக்கு வேண்டாம் என்று அவரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

ஆனால் ஐம்பது வயதுக்காரருக்குத் தேவைப்பட்டால்? திசு ஒத்துப்போகும் கொடையாளி வேண்டும். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014இல் வெளியான கணக்குப்படி ஐரோப்பிய வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். நம் தெற்காசியருக்கு அதில் பாதிகூட இல்லை. காரணம், நம்மவர்கள் பதிவு செய்வதில்லை. அவரவர் சாதிக்குள், ஊருக்குள் திருமணம் செய்து வந்த நமக்கு, பொருத்தம் பெரும்பாலும் நம்மவரிடமிருந்தே வரும். அந்த நம்மவர் இன்று சிங்கப்பூரிலும் டொரொண்டோவிலும் லண்டனிலும் சிதறிக் கிடக்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள், வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு:

1. பொடிக்கு அனுப்பும் பணத்தைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அறுபது தாண்டியவருக்குச் சோகை என்றால் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடக் கூடாது. முதலில் பி12, ஃபோலேட், தைராய்டு பாருங்கள். குடிப்பழக்கம், சாப்பிடும் மருந்துகள் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி12 குறைவு எம்டிஎஸ் போலவே வேஷம் போடும். சைவம் சாப்பிடும் வீடுகளில் அது சகஜம், ஊசியில் சரியாகிவிடும். அதெல்லாம் சரியாக இருந்தும் சிவப்பணு பெரிதாக இருந்தால், அல்லது இரண்டு மூன்று வகை அணுக்களும் சேர்ந்து குறைந்தால், ரத்தவியல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

2. 'முழு இம்யூனிட்டி பேக்கேஜ்' என்று ஆய்வகங்கள் விற்கும் சோதனைகளில் ஏமாறாதீர்கள். டிரெக், அடக்கு செல் எண்ணிக்கையெல்லாம் இப்போதைக்கு ஆராய்ச்சி விஷயம். சிகிச்சையைத் தீர்மானிப்பது மஜ்ஜை, குரோமோசோம், மரபணுச் சோதனைகள்தான்.

3. எம்டிஎஸ் உள்ளவருக்குக் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் மருத்துவமனைதான். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் பற்றிக் கேளுங்கள். உயிருள்ள கிருமி உள்ள தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லாமல் போட வேண்டாம்.

4. பிள்ளைகளைக் கொடையாளியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிரிட்டனில் ஆந்தனி நோலன் 16 முதல் 30 வயதுவரை சேர்த்துக்கொள்கிறது. அமெரிக்காவில் என்எம்டிபி இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்குச் சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி இருக்கிறது. சேரும்போது செய்ய வேண்டியது, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல், அவ்வளவுதான். பெயர் கொடுத்துவிட்டுக் கூப்பிடும்போது பின்வாங்குவதுதான் பெரிய கொடுமை. வீட்டுப் பெரியவர்கள் "உடம்பு வீணாப் போயிடும்" என்று தடுப்பதும் ஒரு காரணம். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

பெரியப்பா இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறார். பெரியம்மா வாங்கி வைத்த சீந்தில் பொடி திறக்காமலே அலமாரியில் இருக்கிறதாம். "அப்போ இதை என்னப்பா செய்யறது?" என்று கேட்டார். தூக்கிப் போடச் சொன்னேன். அந்தப் பணத்தில் மாதா மாதம் எறணாகுளம் போய் வர ஆட்டோவுக்கு ஆகும் என்று சொன்னதும்தான் சமாதானமானார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், அனுப்பியவரே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் மனம் நோகக் கூடாதே என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.